அம்மாவின் வீட்டில் நான்கு ஆண்டுகள்: இணையக் கருவிகளோடு என் அனுபவம்

2021 இறுதியில் அப்பா தவறிய பிறகு கும்பகோணம் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். எனக்குச் சென்னையில் வேலை. காரியம் முடிந்து மூன்று மாதத்துக்குள் அந்த வீட்டில் இணையத்தோடு பேசும் கருவிகள் ஆறு வந்துவிட்டன. வாசலில் ஒரு கேமரா, கொல்லையில் ஒன்று, இரண்டும் பதிவாகும் ரெக்கார்டர், கூடத்தில் ஒரு சிறிய கேமரா, போர் மோட்டாருக்கு ஒரு ஸ்விட்ச், கீசருக்கு ஒரு பிளக். தூரத்தில் இருக்கும் மகளின் பயம்தான் அத்தனையையும் வாங்க வைத்தது. பயத்தில் வாங்கியதால் கேட்க வேண்டிய கேள்வி எதையும் அப்போது நான் கேட்கவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஸ்விட்சை யார் கேட்டாலும் வாங்கச் சொல்வேன். ஸ்டார்ட்டர் பெட்டி கொல்லைச் சுவரில் இருக்கிறது. முழங்கால் வலியோடு அம்மா தினமும் இரண்டு முறை அந்த மூன்று படிகளில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. சிறிய ஸ்விட்ச் தனியாக மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தைத் தாங்காது என்று சொல்லி, எங்கள் எலக்ட்ரீஷியன் நடுவில் அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் கான்டாக்டர் என்ற கனமான ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தினார். அந்தச் சில நூறு ரூபாய்ச் செலவால்தான் சிறிய ஸ்விட்ச் இன்றும் உயிரோடு இருக்கிறது. காலை ஐந்தரைக்கு ஓடத் தொடங்கி இருபத்தைந்து நிமிடத்தில் தானே நின்றுவிடும்.

ஒரு நாள் மட்டும் நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், ஆறரைக்குத் திரும்பியது. கருவி தன் பழைய நிலைக்கு, அதாவது 'ஓடு' என்ற நிலைக்கு வந்துவிட்டது. நிறுத்த வேண்டிய நேரமோ தடையின்போதே கடந்துபோயிருந்தது. தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லும் வரை யாருக்கும் தெரியாது. மின்சாரம் திரும்பும்போது அணைந்தே இருக்க வேண்டும் என்ற தேர்வு செயலியின் அமைப்புகளுக்குள் ஆழத்தில் இருந்தது. மின்தடை பழகிப்போன ஊரில் கருவியைப் பொருத்திய அன்றே அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். ரவுட்டரை ஒரு நாள் அணைத்துவைத்துப் பாருங்கள். அப்போதும் ஓடும் நேர அட்டவணை கருவிக்குள்ளேயே இருக்கிறது. ஓடாதது எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியை நம்பியிருக்கிறது. எங்கள் ஸ்விட்ச் அந்தச் சோதனையில் தேறியது. கீசர் பிளக் தேறவில்லை.

என் தூக்கத்தைக் கெடுத்தது ரெக்கார்டர். அதைப் பொருத்த வந்த பையன் மரியாதையானவன், வேலையில் சுத்தம். "ஏதாவது பிரச்சினை என்றால் கடையிலிருந்தே பார்த்துச் சரிசெய்துவிடுவேன் அக்கா" என்று சொல்லித் தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினான். பிறகு ஒரு க்யூஆர் குறியீட்டைக் காட்டி என் கைபேசியில் இணைத்துக் கொடுத்தான். படம் தெரிந்தது. எனக்கு அது போதும் என்று இருந்தது.

ஒன்றரை ஆண்டு கழித்து, 2023இல், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடலாம் என்று செயலியைத் திறந்தேன். உரிமையாளர் மட்டுமே இதை மாற்ற முடியும் என்று அது சொன்னது. நான்கு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கேமராக்களில் நான் விருந்தாளி! கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன என்றார்கள். அம்மா துணி உலர்த்தும் கொல்லை, அவர் வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம், எந்த நாளில் வீடு பூட்டிக்கிடக்கிறது என்ற விவரம், எல்லாம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு கைபேசியில் திறந்து கிடந்தன. அவன் பார்த்தான் என்று நான் சொல்லவில்லை; பார்த்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. பார்க்க முடியும் என்ற ஒன்றே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கருவியின் வரிசை எண், பில், அடையாளச் சான்று எல்லாம் அனுப்பி, கணக்கை என் பெயருக்கு மாற்றப் பதினொரு நாட்கள் ஆயின. முதல் நாளே பக்கத்து வீட்டு அக்காவை வரச்சொல்லி ரெக்கார்டரின் இணையக் கம்பியைப் பிடுங்கச் செய்தேன். அந்தப் பதினொரு நாட்களும் கேமராக்கள் குறையின்றி உள்ளேயிருக்கும் வட்டில் பதிவு செய்துகொண்டே இருந்தன. பதிவுக்கு இணையம் தேவையே இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. நான் சென்னையிலிருந்து எட்டிப் பார்ப்பதற்கு மட்டும்தான் அது தேவை. அந்த ஒரு வசதிக்காக வீட்டின் கதவு ஒன்றைத் திறந்து வைத்திருந்தோம்.

பிறகு தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. ரெக்கார்டரின் கடவுச்சொல் 'அட்மின்' என்ற சொல்லும் கடையின் தொலைபேசி எண்ணும். அதே கடையில் வாங்கிய எங்கள் தெருக்காரர் ஒருவர் வீட்டிலும் அதேதான். ரவுட்டரில் வெளியிலிருந்து நேராக ரெக்கார்டருக்கு வர ஒரு வழியும் திறந்துவிடப்பட்டிருந்தது. இவை இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 2016இலேயே பார்த்துவிட்டது. மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது. தொழிற்சாலையில் வைத்த பெயர்களும் கடவுச்சொற்களுமாக அறுபதுக்கு மேற்பட்ட இணைகள் அதன் பட்டியலில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிப் படையை, இணையதளங்களின் பெயரை வைத்து அவற்றின் முகவரியைக் காட்டிக்கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தின் மீது ஏவியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் திறக்கவில்லை. அணைத்துப் போட்டால் மிராய் கருவியின் நினைவகத்திலிருந்து போய்விடும். கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். நம் வீட்டு வாசலைக் காக்கும் பெட்டி, நமக்குத் தெரியாமலே வேறொருவருக்கு அடியாளாக நிற்கும்.

கடவுச்சொல்லை மாற்றினேன், ரவுட்டரில் அந்த வழியை அடைத்தேன். முதன்மை வைஃபையிலிருந்து பிரிந்து நிற்கும் விருந்தினர் வைஃபையை ரவுட்டரில் இயக்கி எல்லாக் கருவிகளையும் அதற்குள் தள்ளினேன். அம்மாவின் வங்கிச் செயலி இருக்கும் கைபேசி மட்டும் முதன்மை வைஃபையில். இதில் ஒரு சிரமம் உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போனால், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தும் கேமராப் படம் வெளி இணையத்தைச் சுற்றித்தான் என் கைபேசிக்கு வருகிறது. சில விநாடிகள் தாமதம். பொறுத்துக்கொள்கிறேன்.

கூடத்துக் கேமராவின் கதை வேறு. அதில் குற்றம் என்னுடையது. வைப்பதற்கு முன் அம்மாவிடம் "ஒரு பாதுகாப்புக்கு" என்று சொன்னேனே தவிர, அனுமதி கேட்கவில்லை. சில வாரங்களில் படம் அடிக்கடி வெள்ளையாகத் தெரிந்தது. பழுது என்று நினைத்தேன். ஊருக்குப் போய்ப் பார்த்தால், அம்மா அதன் மேல் ஈரிழைத் துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். "நீ எப்போது பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லையே கண்ணு. மதியம் கூடத்தில் காலை நீட்டிப் படுக்கக்கூட யோசனையாக இருக்கிறது" என்றார். எழுபது வயதில் தன் வீட்டிலேயே ஒடுங்கி உட்கார அவரை நான் பழக்கியிருக்கிறேன். அந்த வலி இன்னும் போகவில்லை.

2024 பிப்ரவரியில் வந்த ஒரு செய்தி அவர் பக்க நியாயத்தை இன்னும் கூட்டியது. வைஸ் என்ற அமெரிக்கக் கேமரா நிறுவனத்தின் சேவை தடைப்பட்டுத் திரும்பியபோது, சுமார் 13,000 பேருக்கு வேறு யாருடைய வீட்டுப் படங்களோ செயலியில் தெரிந்தன. யாரும் எதையும் உடைக்கவில்லை. நிறுவனத்தின் பக்கத்தில் நடந்த குழப்பம்தான். என் கடவுச்சொல் எத்தனை வலுவாக இருந்தாலும் இதைத் தடுத்திருக்காது. அன்றே கூடத்துக் கேமராவின் படங்களை நிறுவனத்தின் கணினியில் சேமிக்கும் கிளவுட் சந்தாவை நிறுத்தி, மெமரி கார்டில் மட்டும் பதிவாகும்படி மாற்றினேன். அதைச் சமையலறை வாசலை மட்டும் பார்க்கும்படி திருப்பியும் வைத்தேன்.

கீசர் பிளக்கைப் பற்றி அதிகம் இல்லை. 16 ஆம்பியர் தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்கியது. இரண்டாயிரம் வாட் கீசருக்கு 6 ஆம்பியர் பிளக் ஆபத்து. இரண்டு ஆண்டு ஒழுங்காக ஓடியது. பிறகு அதன் செயலிக்குப் புதுப்பிப்பு வருவது நின்றது, ஒரு நாள் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்விட்சுக்கே போய்விட்டோம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்கக் கூடாது. பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தக் காலம் வரை கிடைக்கும் என்பதையும் சொல்லித்தான் விற்க வேண்டும். இங்கே கண்காணிப்புக் கேமராக்களுக்கு மட்டும் 2025 ஏப்ரல் 9 முதல் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. மாத்திரை அட்டையில் இருப்பதுபோல் ஒவ்வொரு கருவியின் பெட்டியிலும் காலாவதி மாதம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அது தெரிந்திருந்தால் அந்தப் பிளக்கை வாங்கியிருக்க மாட்டேன்.

கைரேகைப் பூட்டு வாங்கச் சொல்லி உறவினர்கள் இன்னும் வற்புறுத்துகிறார்கள். வாசல் கதவை மட்டும் இணையத்தோடு இணைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய பூட்டின் மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது.

கூடத்துக் கேமராவின் மின் இணைப்பை இப்போது அம்மாவின் கைக்கு எட்டும் ஒரு சாதாரண ஸ்விட்சுக்கு மாற்றியிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் அவர் அணைக்கலாம். ஏன் என்று நான் கேட்பதில்லை. பெரும்பாலும் காலையில் பால் காய்ச்ச எழும்போது போடுகிறார், சாப்பாட்டுக்குப் பிறகு அணைத்துவிடுகிறார். அவர் போட்டதும் 'கேமரா இணைந்தது' என்று என் கைபேசியில் ஒரு வரி வரும். ஐந்தே முக்காலுக்கு அந்த வரியைப் பார்த்தால் அம்மா எழுந்துவிட்டார் என்று தெரிந்துவிடுகிறது. பல நாட்கள் படத்தைத் திறப்பதே இல்லை.