குட்டியானைக்கு ஜிப் வைத்த டாப் தைக்கக் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் பலசரக்குக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறேன். சொந்த வண்டி, குட்டியானை என்கிற டாடா ஏஸ். ஓட்டுவதும் இறக்குவதும் நானேதான். ஒரு நடைக்கு இருபது கடை. ஒவ்வொரு கடை வாசலிலும் பின்பக்கக் கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயைத் தூக்கி மேலே போட்டு, சரக்கை இறக்கியபின் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். கேபினை ஒட்டிக் கிடக்கும் மூட்டை வேண்டுமென்றால் உள்ளே ஏறித் தவழ வேண்டும். அதனால் இடது பக்கத்தில் ஜிப் வைத்துத் திறக்கிற மாதிரி, சரக்கை மூடும் தார்ப்பாய் டாப் புதிதாகத் தைக்கலாமென்று ஒரு தார்ப்பாய்க் கடைக்குப் போனேன்.

"650 ஜிஎஸ்எம் ஷீட்டுண்ணே. ஒரு சொட்டு இறங்காது" என்றார் கடைக்காரத் தம்பி. 11,000 ரூபாய். பில் கேட்டேன். "வேலை முடியட்டும், சேர்த்துத் தர்றேன்" என்றார். கடைசிவரை கையில் கிடைத்தது அட்வான்ஸ் எழுதிய துண்டுச்சீட்டுதான்.

முதல் இரண்டு வாரம் வேலை சுலபமாக ஓடியது, அதை மறைக்கவில்லை. பிறகு மைதாத் தூசியும் ரோட்டுப் புழுதியும் ஏறி ஜிப் திக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடப் பையில் வைக்கிற மாதிரி மெல்லிய ஜிப். இழுத்த இழுப்பில் ஒருநாள் பல் விட்டுவிட்டது. கயிறு கட்டிச் சமாளித்தேன்.

ஐப்பசி மழை சின்னமனூர் தாண்டிப் பிடித்தது. வண்டியை ஓரங்கட்டி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜிப் வழியாக மட்டுமில்லை, தையல் ஓடிய இடமெல்லாம் ஊசித் துளைக்கு ஒரு சொட்டாகத் தண்ணீர் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாகச் சீனி மூட்டைமேல் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு மூட்டை சீனியும் மூன்று மூட்டை மைதாவும் போயிற்று. கடைக்காரர்களுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்!

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ஜிப்புன்னா அப்படித்தாண்ணே இருக்கும். உள்ள ஒரு பிளாஸ்டிக் கவர் விரிச்சுக்கங்க" என்றார். அந்தப் பேச்சுதான் நஷ்டத்தைவிட அதிகம் வலித்தது.

அந்த டாப்பில் ஜிப் கதவு வெட்டியபோது மிஞ்சிய துண்டு என்னிடம் இருந்தது. அதில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, தெரிந்த நகைப்பட்டறைத் தராசில் வைத்தேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் ஷீட்டின் கிராம் எடை. இந்தச் சதுரம் அதில் நூறில் ஒரு பங்கு. 650 என்றால் 6.5 கிராம் நிற்க வேண்டும். நின்றது 4.1. தைக்கக் கொடுக்கும் முன்பே இதைச் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இப்போது வேறொரு டெய்லரிடம் மாற்றிவிட்டேன். ஜிப்பே வேண்டாமென்று சொல்லிவிட்டார் அந்தப் பெரியவர். கதவு மேலிருந்து தொங்கும், சுருட்டி பெல்ட் போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஓரமும் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. கதவின் முன் ஓரம் பக்கத் தார்ப்பாய்க்கு உள்ளே, பின் ஓரம் அதற்கு வெளியே. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றும் சாரலும் உள்ளே புகாமல் வழுக்கிப் போய்விடும். ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்குகிற கணக்குதான். இணைப்புகளைச் சூட்டில் ஒட்டினார். தைத்தே ஆகவேண்டிய இடங்களில் பாலியஸ்டர் நூல், அதன்மேல் ஒரு பட்டி. ஜிப்தான் வேண்டுமென்பவர்கள், பெரிய பல் வைத்த பிளாஸ்டிக் ஜிப்பும் அதை முழுக்க மூடுகிற மடிப்பும் கேட்டு வாங்குங்கள். மடிப்பு இல்லாத ஜிப்பில் தண்ணீர் இறங்கியே தீரும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். "தொழிலுக்கு வாங்கினது, கேஸ் நிக்காது" என்று கடைக்காரர் பயமுறுத்தினார். அது தவறு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச்சீட்டும், நனைந்த மூட்டைகளின் போட்டோவும், 4.1 கிராம் துண்டும். பில் இருந்திருந்தால் பேச்சே வேறு.