ஆயில் பிரஷர் டெஸ்டர் கிட்: இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதை மாட்டிப் பாருங்க

ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற ஆயில் பிரஷர் டெஸ்டர் கிட்டை, அதாவது இன்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று அளக்கும் செட்டை, வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியில் இருப்பதை நம்பி அப்படியே இன்ஜினில் முறுக்கிவிடாதீர்கள். சிவப்பு பிளாஸ்டிக் பெட்டி, 140 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரை காட்டும் டயல், ரப்பர் ஹோஸ், ஒரு பிடி பித்தளை அடாப்டர்கள், அவ்வளவுதான். பிராண்ட் என்று சொல்ல எதுவும் இல்லை, ஒரே பெட்டியை ஆளாளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள்.

நான் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜின் லேபில் இருக்கிறேன். அங்கே ஸ்டாண்டில் மாட்டி ஓட்டிக்காட்டுகிற பழைய லைகமிங் ஓ-320 ஒன்று உண்டு, செஸ்னா 172 விமானத்தில் வருமே, அந்த நாலு சிலிண்டர் இன்ஜின். பறக்கப்போவதில்லை, பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான். அது சூடானதும் 2000 ஆர்பிஎம்மில் கூட பிரஷர் 40 பிஎஸ்ஐக்கு இறங்க ஆரம்பித்தது. ஓடும்போது 55-லிருந்து 95 வரை இருக்க வேண்டும், ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில் சும்மா ஓடும்போது) 25-க்குக் கீழே போகக் கூடாது. உடனே தீர்ப்பு வந்துவிட்டது: பம்ப் போச்சு, இல்லை பேரிங் தேய்ஞ்சிடுச்சு, ஓவர்ஹாலுக்கு (முழுசாகப் பிரித்துச் செப்பனிட) அனுப்புங்க. ஓவர்ஹால் என்ன ஆகும் என்று விலை கேட்டவர்களுக்குத் தெரியும்.

ஆயில் அளவு சரியாக இருந்தது. மே மாதத்து வேலூர் வெயிலுக்கு ஏற்ற கனமான டபிள்யூ100 விமான ஆயில்தான் ஊற்றியிருந்தோம். ஆயில் டெம்பரேச்சரும் ஏறவில்லை. பிரஷர் மட்டும் குறைந்து டெம்பரேச்சர் அசையாமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேனலில் இருக்கிற கேஜை, அப்புறம்தான் இன்ஜினை. (பறந்துகொண்டிருக்கும்போது இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு தெம்பாக இருக்க முடியாது, எதற்கும் பக்கத்து ரன்வேயைத் தேட வேண்டும். டெம்பரேச்சரும் சேர்ந்து ஏறினால் உடனே இறக்கிவிட வேண்டியதுதான்.)

கேஜ் லைனைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கிட்டை மாட்டினோம். 42 காட்டியது. பேனல் கேஜ் பொய் சொல்லவில்லை, பிரஷர் நிஜமாகவே குறைவு. அடுத்து கை வைக்க வேண்டியது பம்ப் இல்லை, ரிலீஃப் வால்வு. கிராங்க்கேஸின் (இன்ஜினின் நடு உடல்) வலது மேல்பக்கம், பின்னால் இருக்கிற அக்சஸரி ஹவுசிங்குக்கு முன்னால் இருக்கும். மூடியைத் திறந்தால் ஒரு ஸ்பிரிங், அதற்கு அடியில் ஒரு ஸ்டீல் பந்து. பிரஷர் அதிகமானால் பந்து நகர்ந்து மிச்ச ஆயிலை சம்ப்புக்கு (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) திருப்பி விடும். பந்து உட்காரும் சீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஓரத்தில் கடுகில் பாதி அளவுக்குக் கருப்பாகக் கார்பன் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. பந்து முழுசாக மூடாமல் எந்நேரமும் ஆயில் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. துடைத்து மாட்டி, நன்றாகச் சூடேற்றி ஓட்டினோம், 72. பல பேர் சீட்டைப் பார்க்காமலேயே ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் சேர்த்து பிரஷரை ஏற்றிவிடுவார்கள். கேஜ் அழகாகக் காட்டும், துணுக்கு உள்ளேயே இருக்கும். ஃபில்டரையும் வெட்டிப் பிரித்துப் பார்த்தோம், உலோகத் தூள் இல்லை, பேரிங் பயமும் போனது.

சரி, இப்போது கிட்டின் குறைகள். முதல் எரிச்சல் அடாப்டர்கள். 1/8 அங்குலத்தில் இரண்டு இருக்கின்றன, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று என்பிடி என்கிற அமெரிக்க மரை, அங்குலத்துக்கு 27. இன்னொன்று பிஎஸ்பிடி என்கிற பிரிட்டிஷ் மரை, 28. லைகமிங்குக்கு முதலாவது, ஜப்பான் வழி வந்த கார்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது. மாற்றிப் போட்டாலும் இரண்டு சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகும், அங்கே பலத்தைக் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும். எது எது என்று அடாப்டரில் ஒரு எழுத்து கூட அடிக்கவில்லை. மரை கேஜ் வைத்துப் பார்த்து நானே மார்க்கரில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது, முள் நடுங்குகிறது. பம்ப்பின் துடிப்பு நேராக டயலுக்குப் போவதால் 60-க்கும் 70-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். இதைவிடப் பெரிய விஷயம், விமான இன்ஜினில் கேஜ் லைன் கிளம்பும் ஃபிட்டிங்கில் ஊசித்துளை போல ஒரு ரெஸ்ட்ரிக்டர் இருக்கும், லைன் உடைந்தாலும் ஆயில் மொத்தமும் வெளியே கொட்டாது. இந்த அடாப்டர்களில் அது கிடையாது. ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு மில்லிமீட்டர் துளையோடு ஒன்று கடைந்து தரச் சொன்னேன். "இவ்ளோ சின்னத் துளைக்கு ட்ரில் பிட் உடைஞ்சிடும் சார், பிட்டு காசையும் சேர்த்துக் குடுங்க" என்றார், ஒன்று உடையவும் செய்தது. அதைப் போட்ட பிறகு முள்ளும் அடங்கிவிட்டது.

டயல் பரவாயில்லை. லேபில் இருக்கிற டெட் வெயிட் டெஸ்டரில் (எடைக்கற்களை வைத்து கேஜைச் சரிபார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தேன், 60-இல் 3 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டுகிறது. இந்த விலைக்கு இது போதும்.

குடியாத்தத்தில் சித்தப்பாவின் மாருதி காரில் ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கியதற்கு, இன்ஜினை இறக்கணும் என்று அங்கே ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தார். "அட்வான்ஸ் குடுக்கலாமா தம்பி?" என்று போன் செய்தார். "இருங்க சித்தப்பா, வர்றேன்" என்று கிட்டை எடுத்துக்கொண்டு போனேன். சூடான இன்ஜின், ஐடிலில் 20-க்கு மேல் நின்றது. அந்த விளக்கின் சுவிட்ச் பொதுவாக 5, 7 பிஎஸ்ஐக்குக் கீழே போனால்தான் விளக்கை எரிய விட வேண்டும். சுவிட்ச்தான் கெட்டிருந்தது, மாற்றியதும் விளக்கு அணைந்தது. கிட்டின் விலை அன்றைக்கே வசூல்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பறக்கிற விமானத்தில் இதை மாட்டுகிற யோசனையே வேண்டாம், அதற்கு அளவு சரிபார்த்துச் சான்றிதழ் வாங்கிய கேஜ்தான். கார், டிராக்டர், ஜெனரேட்டர் என்றால் 100 பிஎஸ்ஐ டயல் வைத்த மலிவான மாடலே போதும். ஸ்டாண்டில் ஓட்டுகிற லைகமிங்குக்கு 140 டயல் வாங்குங்கள், ஆயில் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் 115 வரை போகலாம் என்று கம்பெனியே அனுமதிக்கிறது.