லினக்ஸில் பாஸ்வேர்டு: மூன்று ஆண்டுப் புழக்கத்தில் தேறியதும் தேறாததும்

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை கடை, அலுவலகக் கணினிகளின் பாஸ்வேர்டுகளுக்கு ஒரே முகச்சாயல்தான். கடைப்பெயரோடு ஊர்ப் பின்கோடு 629001, இல்லையென்றால் தொலைபேசிக் குறியீடு 04652, வண்டிப் பதிவெண் டிஎன்74, வள்ளுவர்133. பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் இருக்கிறதே என்று கணினியும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உடைக்கும் நிரல்கள் பெயரோடு எண் சேர்த்த வடிவத்தைத்தான் முதலில் போட்டுப் பார்க்கும்.

மூன்று ஆண்டுகளாகப் புழங்கும் அமைப்பு இது: டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்யும் லக்ஸ் பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒன்று, பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் மென்பொருளான கீபாஸ்எக்ஸ்சியின் பெட்டகத்துக்கு வேறொன்று எனப் பகடை உருட்டி எடுத்த இரண்டு சொற்றொடர்கள், மற்ற கணக்குகளுக்கெல்லாம் கீபாஸ்எக்ஸ்சி உருவாக்கித் தரும் 20 எழுத்துகள்.

பகடை உருட்டிச் சொல் எடுப்பதற்கான டைஸ்வேர் பட்டியலில் 7776 சொற்கள். ஒரு சொல்லுக்கு ஐந்து முறை உருட்ட வேண்டும். ஆறு சொல்லுக்குச் சுமார் 77 பிட் வலு (ஒரு பிட் கூடினால் உடைக்கும் வேலை இரண்டு மடங்கு). ஆங்கிலப் பட்டியல் ஒட்டவில்லை என்றால் சக்கை, மரச்சீனி, ஏத்தன், கருப்பட்டி என்று 1296 ஊர்ச் சொற்களை நாமே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு நான்கு உருட்டல் போதும். ஏழு சொல் எடுத்தால் 72 பிட். மரச்சீனியை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம் என்பதால் பட்டியலில் உள்ளபடியே அடிக்க வேண்டும். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டினால் வலு குறையும்.

தமிழ் எழுத்திலேயே வைக்கும் ஆசை வேண்டாம். ‘கொ’வின் துணையெழுத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பூட்டு திறக்காது. போதாததற்கு, லக்ஸ் சொற்றொடரைக் கேட்பது தமிழ் விசைப்பலகை ஏறுவதற்கு முன்பே. யூஎஸ், யூகே அமைப்புகளில் @ கூட இடம் மாறும். சிறிய எழுத்தும் இடையில் ஒரு சிறு கோடும் இருந்தால் எந்தத் தலைவலியும் இல்லை.

டிஸ்க் பூட்டு இல்லாத கணினியில் லாகின் பாஸ்வேர்டு வெறும் வாசல் திரை. வேறொரு லினக்ஸ் உள்ள லைவ் பென்டிரைவில் கிளப்பினால் கோப்புகள் அப்படியே படிக்கக் கிடைக்கும். லக்ஸைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியது சாவி விவரங்கள் இருக்கும் அதன் ஹெடர் பகுதிக்குத்தான். டிஸ்க்கில் அந்த இடம் கெட்டால், சரியான சொற்றொடர் கையில் இருந்தும் தரவு போனதுதான். ஆகவே ஹெடர் நகலை வேறு டிரைவில் வைக்க வேண்டும். பலர் கவனிக்காதது ஒன்று: சொற்றொடரை மாற்றிய பிறகும் பழைய ஹெடர் நகல் பழைய சொற்றொடரால் திறக்கும். புது நகல் எடுத்ததும் பழையதை அழித்துவிடுங்கள். லக்ஸின் இரண்டாம் வடிவமான லக்ஸ்2-இல் 32 சாவி இடங்கள் (ஒவ்வொன்றிலும் ஒரு சொற்றொடர் வைக்கலாம்) உண்டு; இரண்டாவது சாவி ஒன்றைப் போட்டு வைப்பது நல்லது.

டெபியன் லினக்ஸின் 11-ஆம் பதிப்பு முதல் லாகின் பாஸ்வேர்டுகளின் ஹாஷுக்கு (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கணினி சேமிக்கும், திருப்பிப் படிக்க முடியாத வடிவம்) எஸ்கிரிப்ட் முறையின் வழிவந்த யெஸ்கிரிப்ட்தான் இயல்பு. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய கணினியில் பழைய பயனரின் ஹாஷ் தானாக மாறாது. ஹாஷ்கள் இருக்கும் ஷேடோ கோப்பில் அவர் வரியின் ஹாஷ், பழைய முறையைக் குறிக்கும் $6$ என்று தொடங்கினால் பாஸ்வேர்டை ஒருமுறை மாற்றினால் போதும், யெஸ்கிரிப்ட்டைக் குறிக்கும் $y$ ஆகிவிடும். அதை அவரே மாற்றட்டும். நிர்வாகியான ரூட்டாக இருந்து மாற்றினால், சேமித்த பாஸ்வேர்டுகளைக் காக்கும் க்னோம் கீரிங் பழைய பாஸ்வேர்டிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு லாகினிலும் அதைக் கேட்டு நச்சரிக்கும்.

கீபாஸ்எக்ஸ்சி மேல் பெரிய குறை இல்லை. நகலெடுத்த பாஸ்வேர்டு 10 நொடியில் கிளிப்போர்டிலிருந்து போய்விடும். ஆனால் தனியாக ஒரு கிளிப்போர்டு மேலாளர் ஓடினால் அதன் வரலாற்றில் தங்கிவிடலாம், அந்த வரலாற்றை அணைத்து வைக்கவும். இரண்டு கணினியில் ஒரே பெட்டகத்தைத் திருத்தினால் கோப்பு இரண்டாகப் பிரியும். ஒன்றை அழித்துவிடாமல், இணைக்கும் வசதியால் சேர்க்க வேண்டும். டெர்மினலில் பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்து அடிக்கும் பழக்கத்துக்கு எந்த மென்பொருளாலும் மருந்து கிடையாது, அடித்த கட்டளைகளைச் சேமிக்கும் பாஷ் வரலாற்றுக் கோப்பில் அப்படியே கிடக்கும்.

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வீண். கடைசி எண்ணைத்தான் ஆட்கள் மாற்றுவார்கள். கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றினால் போதும். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டியின் 2017 வழிகாட்டியும் இதையே சொன்னது.

சொற்றொடரைத் தாளில் எழுதி வீட்டில் வைப்பதில் தப்பில்லை. ஜெல் பேனா மட்டும் வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், ஈரத்தில் மை பரவிவிடும். பென்சிலால் எழுதி, ஜிப் கவரில் போட்டு, நிலப்பத்திரம் இருக்கும் பெட்டியில் வையுங்கள்.