இடப்பக்கம் தேவை, வலப்பக்கம் பதில்: இரண்டு வருஷமாக நான் எழுதும் கணக்கு நோட்டு

நானும் கணவரும் மாதச் சம்பளம் இல்லாமல் விசுவாசத்தோடு ஊழியம் செய்கிறவர்கள். சபையார் மனமுவந்து கொடுக்கும் காணிக்கையில்தான் வீடும் ஊழியமும் நடக்கிறது. இந்தக் கெட்டி அட்டை போட்ட 200 பக்க நோட்டை வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. 140ஆம் பக்கம் வரை வந்துவிட்டேன்.

நூல் தையல் என்பதால் விரித்தால் விரித்தபடியே கிடக்கிறது, கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிற எனக்கு அது அவசியம். இடப்பக்கம் தேவையும் கேட்ட தேதியும். வலப்பக்கம் அது வந்த தேதியும் வந்த வழியும். இது ஜார்ஜ் முல்லரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கியவர், பணத்துக்காக எந்த மனுஷரிடமும் கை நீட்டவில்லை, தேவனிடம் மட்டுமே கேட்டார். ஆனாலும் வந்த காணிக்கைக்கு ரசீது கொடுத்து, வருஷா வருஷம் கணக்கு வெளியிட்டார். விசுவாசம் இருந்தால் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பக்க எண் அச்சாகியே வருகிறது. ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். காணிக்கைப் பணம் கையாளுகிற யாருக்கும் இது நல்லது. பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டேன் என்று வேதத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதும் கிரேக்கச் சொல், அந்தக் காலத்து ரசீதுகளில் எழுதப்பட்ட அதே சொல்தான். நன்றி சொல்லும் இடத்திலேயே ரசீதும் இருக்கிறது.

குறை என்றால் தேதிக் கட்டம். வருஷத்தையும் சேர்த்து எழுத இடம் போதவில்லை. சில தேவைகள் ஒரு வருஷத்தைத் தாண்டிக் காத்திருக்கும்போது அது பெரிய குறைதான். மை பேனா பின்பக்கம் ஊறுகிறது, பால்பாயிண்ட்டில் எழுதுங்கள். அடையாள ரிப்பன் ஆறே மாதத்தில் பிய்ந்துவிட்டது.

62ஆம் பக்கத்தில் மகளின் கண்ணாடி. எழுதிய வாரமே கூட்டத்தில் அதை ஜெபக் குறிப்பாகச் சொன்னேன். இரண்டாம் நாள் ஒரு சகோதரி பணக் கவரை என் கையில் வைத்துப் போனார். எதிர்ப்பக்கத்தில் 'வந்தது' என்று எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கர்த்தரிடம் கேட்டேனா, கூடியிருந்தவர்களிடம் கேட்டேனா? சபைக்குத் தேவையைச் சொல்வது தப்பில்லை, எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பவுலே கேட்டிருக்கிறார். ஆனால் நான் அன்று ஜெபம் என்ற பெயரில் பணம் கேட்டேன். அப்புறம் அதே வரியில் 'கூட்டத்தில் சொன்ன பிறகு' என்று சேர்த்தேன். அன்றிலிருந்து யாரிடமும் சொல்லாத தேவைக்கு மட்டும் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். புள்ளி வைத்தவை பதினேழு. பதினொன்றுக்கு எதிர்ப்பக்கம் நிரம்பியிருக்கிறது.

88ஆம் பக்கத்தில் எழுதியது ஒழுகும் ஜெப அறைக் கூரை. எதிரே 89 பதினான்கு மாதமாக வெறுமையாக இருக்கிறது. மழை பெய்யும் இரவுகளில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துத்தான் முழங்காலில் நிற்கிறேன்.

தேதிக் கட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கினால் வேறு குறை சொல்ல மாட்டேன். மீதி அறுபது பக்கமும் தீர்ந்தால் இதே நோட்டைத்தான் வாங்குவேன். அதற்குள் கூரைக்குப் பதில் வராவிட்டால், புது நோட்டின் இடப்பக்கத்தில் முதல் வரி அதுதான்.