ஹல்க் 181 வாங்குபவர்கள் கவனத்துக்கு: ஸ்டாம்ப் இருந்தால் மட்டும் போதாது

பழைய மார்வெல் காமிக்ஸ் சேகரிப்பவர்களுக்கும், அமெரிக்காவில் இருக்கும் மச்சானிடமோ தம்பியிடமோ சொல்லி வாங்கிவரச் சொல்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை. கடையே கிரேடு (இதழ் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பத்துக்குப் போடும் மதிப்பெண்) போட்டு, கடையே உறையில் போட்டு ஒட்டி, "சீல் பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று ஸ்டிக்கரும் ஒட்டி விற்கிற பிரதி எதுவாக இருந்தாலும் வாங்காதீர்கள். கடைக்கு எத்தனை வருடப் பெயர் இருந்தாலும் சரி. நான் ஏமாந்த கடைக்கும் நல்ல பெயர்தான். மாநில நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை முடியவில்லை. அதனால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

வாங்கியது 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' 181. 1974 நவம்பர் தேதியிட்ட இதழ், அட்டை விலை 25 சென்ட். லென் வெய்ன் எழுதி ஹெர்ப் டிரிம்ப் வரைந்தது. கனடாவில் ஹல்க்கும் வெண்டிகோ என்ற அரக்கனும் அடித்துக்கொள்ளும்போது குறுக்கே வந்து விழுகிறாரே, மஞ்சளும் நீலமுமாக உடை போட்ட குள்ளமான ஆள், அவர்தான் வுல்வரின். 180-ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் தலைகாட்டிவிட்டுப் போவார், முதன்முதலாக முழுதாக வருவது 181-இல். இந்த இதழின் விலை முழுக்க அவருக்காகத்தான். வெண்டிகோவுக்காக யாரும் பத்து டாலர்கூடக் கொடுக்க மாட்டார்கள், பாவம்.

இந்த இதழில் ஒரு வில்லங்கம் உண்டு. 1974-இல் மார்வெல் 'வேல்யூ ஸ்டாம்ப்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வாசகர் கடிதப் பக்கத்தில், தீப்பெட்டிப் படம் அளவுக்கு ஒரு பாத்திரத்தின் படத்தை எண் போட்டு அச்சடிப்பார்கள். அதை வெட்டியெடுத்து, தனியாக விற்ற ஆல்பத்தில் ஒட்ட வேண்டும். மொத்தம் 100 ஸ்டாம்ப். அந்தக் காலத்துப் பிள்ளைகள் சொன்னபடி கத்தரியை எடுத்து வெட்டிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கம்பெனியே வெட்டச் சொன்னதுதானே! விளைவு, இன்றைக்குச் சந்தைக்கு வரும் 181-களில் பலவற்றில் கடிதப் பக்கத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. இதில் இருக்க வேண்டியது 54-ஆம் எண் ஸ்டாம்ப், 'ஷானா தி ஷீ-டெவில்'. அது இல்லையென்றால் அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விலை பாதிக்குக் கீழே போய்விடும்.

இது எனக்குத் தெரியும். சேகரிப்பவர்கள் எல்லாருக்குமே தெரியும். கடைக்காரருக்கும் தெரியும் என்பதால்தான் மோசடி இன்னொரு படி மேலே போயிருக்கிறது.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கடை பக்கத்து மாநிலத்தில். கண்ணாடி அலமாரியில் இருந்த பிரதிக்கு 5.0 கிரேடு என்று அவர்களே அச்சடித்த லேபிள், விலை 2,000 டாலருக்குச் சற்று மேல். ஸ்டாம்ப் இருக்கிறதா என்று கேட்டேன். "நிச்சயமாக" என்று சொல்லி, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு இதழை வெளியே எடுத்தார். கடிதப் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஷானா இருந்தார். கையில் வாங்கிப் பார்க்கலாமா என்றேன். தாள் பழசு, கை பட்டால் கிரேடு குறைந்துவிடும் என்றார். அந்தப் பக்கத்தைப் புரட்டவும் இல்லை. என் கண் முன்னாலேயே திரும்ப உறையில் போட்டு, டேப் ஒட்டி, அதன்மேல் சீல் ஸ்டிக்கரையும் ஒட்டினார். காலையில்தான் இன்னொருவர் பார்த்துவிட்டுப் போனார் என்றும் ஒரு வார்த்தை போட்டார்.

இந்தக் கையுறை விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய காமிக்ஸைக் கழுவித் துடைத்த வெறுங்கையால் தொட்டால் ஒன்றும் ஆகாது. கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழிபடத்தான் வாய்ப்பு அதிகம். அதுவும் வாங்குகிறவருக்கு ஒட்டு வேலையைக் காட்டிக்கொடுப்பது விரல் நுனிதான். கையுறையோடு நாடகம் போடுகிற ஆளைக் கண்டால் இனி எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு, பல ஆண்டுகளாகச் சேகரிக்கும் அமெரிக்க நண்பர் ஒருவரிடம் காட்டினேன். சிஜிசிக்கு (இதழைச் சோதித்து, கிரேடு போட்டு, லேபிளோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகிற தனி நிறுவனம்) அனுப்புவதற்கு முன் அவர் ஒருமுறை பார்க்கட்டும் என்று. சீலைப் பிரித்து, கடிதப் பக்கத்தைத் திறந்து, ஸ்டாம்பை ஒரு நொடிதான் பார்த்தார். உடனே தாளைப் புரட்டி மறுபக்கத்தைக் காட்டினார். மறுபக்கத்தில் ஓடிவந்த அச்சு வரிகள் சரியாக அந்தச் சதுரத்தின் ஓரத்தில் நின்றுவிட்டன. சதுரத்துக்குள்ளே வேறு ஏதோ பக்கத்தின் துண்டு: வேறு எழுத்து, பாதியில் வெட்டுப்பட்ட வார்த்தைகள், தாளின் பழுப்புகூட ஒரு சாயல் குறைவு. நகத்தால் மெதுவாகத் தடவினால் நான்கு பக்கமும் மெல்லிய மேடு. யூவி (புற ஊதா ஒளி) டார்ச் அடித்தபோது தாள் மங்கலாகவே இருக்க, ஓரங்களில் மட்டும் நூல் மாதிரி ஒரு கோடு வெளிறிய நீலத்தில் மின்னியது. பசை.

நடந்தது இதுதான். ஒரே எண் ஸ்டாம்பை மார்வெல் அந்தக் காலத்தில் பல இதழ்களில் போட்டிருக்கிறது. 54-ஆம் எண் ஸ்டாம்ப் இருக்கும் சல்லிசான வேறொரு இதழை வாங்கி, அதிலிருந்து ஷானாவை வெட்டி, 181-இன் ஓட்டையில் உட்காரவைத்திருக்கிறார்கள். முன்பக்கம் பார்த்தால் யாருக்கும் தெரியாது. மறுபக்கம் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். பக்கத்தை ஏன் புரட்டவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் "நாங்கள் விற்றபோது ஸ்டாம்ப் இருந்ததே, நீங்களே பார்த்தீர்களே" என்றார்கள். ஸ்டாம்ப் இருக்கிறது, ஆனால் இந்த இதழின் ஸ்டாம்ப் இல்லை என்றேன். அடுத்து, சீல் பிரித்தாகிவிட்டது, நீங்களே மாற்றி ஒட்டியிருக்கலாம் என்றார்கள். இந்த வாக்கியம் தயாராக வைத்திருந்த வாக்கியம், கேட்டாலே தெரியும். அந்த சீல் இதழைப் பாதுகாக்க ஒட்டியதில்லை, கடையைப் பாதுகாக்க ஒட்டியது. பிரிக்காமல் சோதிக்க முடியாது, பிரித்தால் திருப்பிக் கொடுக்க முடியாது. கடைசியில் பெரிய மனது பண்ணி, கால்வாசிப் பணத்துக்குக் கடையிலேயே வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நான் கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தேன். சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு என்று பேங்கில் முறையிட்டேன். ரசீதில் 'விற்றது விற்றதுதான்' என்று அச்சடித்திருப்பதைக் காட்டிக் கடை வாதாடியது. அந்த வரி ஒன்றும் பிரம்மாஸ்திரம் இல்லை. தவறாக வர்ணித்து விற்றிருந்தால் அதையும் மீறி முறையிடலாம். ஆனால் பேங்குக்குப் புரிகிற மாதிரி மூன்றாம் நபரின் ஆதாரம் வேண்டும். அதற்குத்தான் சிஜிசிக்கு அனுப்பினேன். பச்சை லேபிளோடு வந்தது, அதாவது பெரிய குறை உள்ள பிரதி. ஸ்டாம்ப் வேறு பிரதியிலிருந்து எடுத்து ஒட்டியது என்று அதில் குறித்திருந்தார்கள். அந்த லேபிளைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் பேங்க் என் பக்கம் திரும்பியது. பணம் வந்தது. சிஜிசி கட்டணம், இன்சூரன்ஸ், தபால் செலவு எல்லாம் என் கணக்கில்.

ஒரு விஷயம், இப்படி முறையிடப் பொதுவாக 120 நாள்தான் கெடு. சிஜிசி வரிசையில் இதழ் வாரக்கணக்கில் கிடக்கும், சில சமயம் அதற்கும் மேல். சான்றிதழ் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கெடு போய்விடும். முதலில் முறையிடுங்கள், ஆதாரத்தை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

பணம் திரும்பியதால் இதழைக் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. சமீபத்தில் ஒரு காமிக்ஸ் கண்காட்சியில் அதே கடையின் மேசையில் ஹல்க் 181 இருந்தது. சிஜிசி பெட்டியைக் காணோம், பச்சை லேபிளைக் காணோம். பழையபடி கடை உறை, கடை சீல், 5.0 லேபிள். அட்டையின் மேல் மூலையில் அந்தக் காலத்துப் பெட்டிக்கடைக்காரர் பென்சிலில் கிறுக்கிய எண்ணும், அதற்குக் கீழே நான் மனப்பாடமாக அறிந்த மடிப்பும் உறை வழியாகவே தெரிந்தன. பெட்டியை உடைத்து இதழை வெளியே எடுத்து மறுபடி விற்கிறார்கள். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். மேசையில் நின்றவரிடம் மறுபக்கம் காட்டுங்கள் என்றேன், சீல் பிரிக்க முடியாது என்றார். என்னைத் தெரிந்ததோ இல்லையோ, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்படியென்றால் சிஜிசி பெட்டியில் இருப்பதை மட்டும் வாங்கலாமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஆமாம், லேபிளின் நிறத்தைப் பார்த்து. நீலம் என்றால் வழக்கமான கிரேடு. ஊதா என்றால் சாயம் தொட்டு, கிழிசல் ஒட்டி, ஏதோ வேலை பார்த்திருக்கிறார்கள். பச்சை என்றால் ஒரு பெரிய குறை இருக்கிறது, லேபிளிலேயே எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். மஞ்சள், சாட்சியோடு போட்ட கையெழுத்து உள்ளது. ஆனால் பெட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பெட்டியை நாசூக்காகத் திறந்து, நல்ல பிரதியை எடுத்துவிட்டு மட்டமானதை உள்ளே வைத்து விற்ற விவகாரம் 2023 கடைசியில் வெளியே வந்து நாறியது. லேபிளில் இருக்கும் எண்ணை சிஜிசி தளத்தில் போட்டுப் பாருங்கள். படம் இருந்தால் மடிப்பு மடிப்பாக ஒப்பிடுங்கள்.

விலையைப் பற்றி. கடைகள் செய்யும் தந்திரம், சிஜிசி கிரேடு போட்ட 5.0 என்ன விலைக்குப் போகிறதோ அதே விலையைத் தாங்களே கிரேடு போட்ட பிரதிக்கும் வைப்பது. இரண்டும் ஒன்றில்லை. சோதிக்கப்படாத பிரதியில் இருக்கிற ஆபத்து வாங்குபவர் தலையில்தான் விழுகிறது, அதற்கு விலை குறைய வேண்டும். ஓவர்ஸ்ட்ரீட் விலைப் புத்தகத்தைத் திறந்து காட்டினாலும் மயங்க வேண்டாம். அது 1970-இலிருந்து வருகிற மதிப்பான புத்தகம்தான், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 2021-இல் எகிறிய விலை அப்புறம் எவ்வளவு இறங்கியது என்று இபேயில் 'விற்றுமுடிந்தவை' பகுதியையும் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் பழைய முடிவுகளையும் பார்த்தால் தெரியும். கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், கைமாறிய விலையைப் பாருங்கள்.

இன்னொன்று, ஹல்க் 181 அரிய இதழே இல்லை. சிஜிசி பதிவேட்டில் மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேல் பிரதிகள் இருக்கின்றன. 1938-இன் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் (சூப்பர்மேன் அறிமுகமானது) மாதிரி நூறு பிரதியைத் தேடி உலகமே அலையும் கதை இல்லை இது. எல்லாரும் கேட்பதால் விலை, கிடைக்காததால் இல்லை. எந்த வாரம் தேடினாலும் நாலு பிரதி விற்பனைக்கு இருக்கும். "இன்னொருவர் பார்த்துவிட்டுப் போனார்" என்றால், அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிடலாம்.

சீல் இல்லாத பிரதியை வாங்குவதாக இருந்தால் கையில் வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொரு தாளையும் புரட்டுங்கள். நடுத்தாள் இரண்டு ஸ்டேப்ளர் பின்னிலும் பிடித்திருக்கிறதா, அந்தப் பின் துருப்பிடித்திருக்க அதைச் சுற்றியுள்ள தாள் மட்டும் சுத்தமாக இருக்கிறதா, முதுகோரம் கறுப்பு மார்க்கர் பூசியதா, ஓரங்கள் ஐம்பது வயதுத் தாளுக்குப் பொருந்தாத வெள்ளையாகவும் கூராகவும் வெட்டியதாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். யூவி டார்ச் சில டாலருக்குக் கிடைக்கும். புதுத் தாள் அதில் பளீரென்று ஒளிரும், பழைய நியூஸ்பிரின்ட் ஒளிராது. ஆன்லைனில் வாங்கினால் கடிதப் பக்கத்தின் இரண்டு புறமும் படம் கேளுங்கள். ஒரு நிமிட வேலை, மறுக்கிறவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு உறவினர் மூலம் வாங்குபவர்கள் கூடுதல் கவனம். வாங்கிவருகிற அண்ணனுக்கு வுல்வரின் யார் என்று தெரியலாம், ஸ்டாம்ப் விஷயம் தெரியாது. பெட்டியில் வைத்து அடுத்த விடுமுறைக்கு அவர் ஊருக்கு வருவதற்குள் 120 நாள் ஓடிவிடும். வாங்கிய அன்றைக்கே வீடியோ காலில் கடிதப் பக்கத்தின் மறுபக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பணம் கார்டில்தான் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பியதும், பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' என்று அனுப்பியதும் போனால் போனதுதான், பேங்க் உதவிக்கு வராது. ரசீதில் 'பழைய இதழ்' என்று மொட்டையாக எழுதினால் விடாமல், இதழின் பெயர், எண், ஸ்டாம்ப் அசல் என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள்.