நுரை இயர் பிளக்: வடசென்னை வீட்டில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

டி.எச். ரோட்டை (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) ஒட்டிய வீட்டில் கால் மணி நேரம் சும்மா உட்கார, கதவைச் சாத்தினால் மட்டும் போதாது. தண்டையார்பேட்டை, காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டு மிக்ஸியும் நம் வீட்டுச் சத்தம்தான். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் இருக்கலாம் என்கின்றன 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள். ட்ரெய்லர் ஹாரனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? செலவுக்குக் கூடுதலாகவே பலன் தந்தது காதுக்குள் செருகும் இந்த மலிவான நுரை இயர் பிளக்தான்.

மெடிக்கல் ஷாப்பைவிட, பாரிமுனைப் பக்கம் சேஃப்டி ஷூ, ஹெல்மெட் விற்கும் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். 3எம் 1100 மாதிரி சாதாரண ஆரஞ்சு நுரையே போதும். அது சத்தத்தைக் குறைக்கும் அளவாகக் குறிப்பிடப்படுவது 29 டெசிபல். ஆனால் அது ஆய்வுக்கூடக் கணக்கு. நுரை வகைக்கு அதில் பாதியைக் கழித்துக்கொள்ளச் சொன்னது அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் (1998). காரணம், பெரும்பாலானோர் அதைச் சரியாகப் போடுவதில்லை.

போடும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது. கை ஈரமில்லாமல் இருக்கட்டும். பிளக்கை விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டி, மடிப்பு விழாமல், ஊதுபத்திக் குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன் வரும்வரை ஒடுக்குங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். உடனே உள்ளே செலுத்தி, விரல் நுனியால் 30 வினாடி பிடித்திருங்கள். நுரை விரிய அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதை மூடிப் பாருங்கள். சத்தம் பெரிதாக மாறாவிட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. நன்றாகக் குறைந்தால் எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். பாதி பிளக் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெறும் அலங்காரம்தான்.

பலர் ஓரிரு தடவையிலேயே தூக்கிப்போடுவதற்குக் காரணம் வேறு. வெளிச்சத்தம் அடங்கியதும் சொந்த மூச்சும் எச்சில் விழுங்குவதும் மண்டைக்குள் பெரிதாகக் கேட்கும். மேலோட்டமாகச் செருகினால் இது இன்னும் அதிகம். ஆழமாக உட்கார்ந்தால் குறையும். நாலைந்து நிமிடம் பொறுத்தால் பழகிவிடும். தியானம் செய்பவர்களுக்கு மூச்சைக் கவனிக்க இது தோதும்கூட.

குறையும் உண்டு. ஹாரன், விசில், பாத்திரச் சத்தம் போன்ற கீச்சுக்குரல் வகை நன்றாக அடங்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை கன்டெய்னர் லாரியின் உறுமலும், தெருமுனை ஸ்பீக்கரின் பேஸும் அந்த அளவுக்கு அடங்காது. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் இதற்கு நேர்மாறு: ஒரே சீரான உறுமலை விழுங்கும், திடீர் ஹாரனை விட்டுவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினாலும் சித்திரை, வைகாசியில் அதன் பஞ்சு வியர்வையில் ஊறி நாறும். பிளக்கோடு ஃபேனை நடு வேகத்தில் ஓடவிடுவதே போதும். அந்த இரைச்சல் மிச்சத்தை மூடிவிடும். கரன்ட் போனால் இந்த ஏற்பாடு பாதியாகிவிடும் என்பது வேறு விஷயம். ஜன்னல் கதவு இடுக்கில் ஒட்டும் ரப்பர் பட்டை போடுங்கள். திரை எவ்வளவு கனமானாலும் இடுக்கு வழியே சத்தம் வரத்தான் செய்யும்.

வீட்டில் முடியாத நாளில் திருவொற்றியூர் கடலோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கூட்டமில்லாத நேரத்தில் பிளக்கே வேண்டாம்.

நுரையைக் கழுவி மறுபடி போடாதீர்கள். விரியும் தன்மை போய்விடும். அழுக்கானாலோ விறைத்தாலோ மாற்றிவிடுங்கள். எடுக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை வலிக்கும். லேசாகத் திருகி, மெதுவாக எடுக்க வேண்டும். தினமும் இரவு முழுக்கப் போட்டால் குறும்பி உள்ளே தள்ளப்பட்டுக் காது அடைக்கலாம். காதில் சீழ், வலி உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். அடுப்பில் பால் இருக்கும்போதும், கொருக்குப்பேட்டை கேட் மாதிரி தண்டவாளம் கடக்கும் இடத்திலும் கழற்றிவிடுங்கள். காலிங் பெல் கேட்காது என்பதால், யாராவது வருவதாக இருந்தால் போனை வைப்ரேஷனில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.