தொழிற்படிப்புக்கு எந்த டாக்ஸ் கிரெடிட்: ஆப்பர்ச்சூனிட்டியா, லைஃப்டைமா?

மகன் இங்கே அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் வெல்டிங் சர்டிபிகேட் படிப்பில் சேர்ந்தான். படிப்புச் செலவுக்காக, கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழித்துக்கொள்ளும் தொகைதான் டாக்ஸ் கிரெடிட். டாக்ஸ் ஃபைல் செய்ய உட்கார்ந்தபோது அதற்குக் கையில் இரண்டு வழிகள் இருந்தன: அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட், லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட். இரண்டுக்கும் படிவம் 8863 தான். வருமான வரம்பும் ஒன்றுதான்: கூட்டாக ஃபைல் செய்யும் தம்பதிக்கு 1,60,000 டாலர் வரை முழுதாகக் கிடைக்கும், 1,80,000-ல் ஒன்றும் மிஞ்சாது. ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷத்தில் ஏதாவது ஒன்றைத்தான் கேட்கலாம்.

நாங்கள் ஆப்பர்ச்சூனிட்டியை எடுத்தோம். தகுதி உள்ளவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். அது நாலு வருஷ டிகிரிக்கு மட்டும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அங்கீகாரம் உள்ள சர்டிபிகேட் படிப்பும் செல்லும். ஒரு செமஸ்டராவது குறைந்தது அரைநேர மாணவராக இருந்தால் போதும்.

முடிவைத் தீர்மானித்தது ஃபீஸ் அல்ல, சாமான்கள். தொழிற்படிப்பில் ஃபீஸ் குறைவு, கருவிகளுக்குத்தான் பணம் கரையும். வெல்டிங் ஹெல்மெட், கையுறை, ஆங்கிள் கிரைண்டர், கிளாம்ப், பாடப்புத்தகம் எல்லாம் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஆப்பர்ச்சூனிட்டியில், படிப்புக்குத் தேவையானது என்றால் எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் கணக்கில் சேரும். லைஃப்டைமில், சேர்க்கைக்கு நிபந்தனையாகக் கல்லூரியிடமே கட்டிய பணம் மட்டும்தான் சேரும்.

ஃபீஸ் 2,400 டாலர், வெளியில் வாங்கிய சாமான் 900 டாலர் என்று வைத்துக்கொள்வோம். லைஃப்டைம் 2,400-க்கு 20 சதவீதம், அதாவது 480 டாலர் தரும். ஆப்பர்ச்சூனிட்டி முதல் 2,000-ஐ அப்படியே தரும், அடுத்த 2,000 வரை கால் பங்கு தரும். 3,300-க்கு 2,325 டாலர் வருகிறது. அதில் 40 சதவீதம், 930 டாலர், கட்ட வேண்டிய வரியே இல்லாவிட்டாலும் ரீஃபண்டாக வரும். லைஃப்டைமில் அந்த வசதி கிடையாது.

கல்லூரி அனுப்பும் 1098-டி படிவத்தில் கடையில் வாங்கிய சாமான் இருக்காது. அதை மட்டும் பார்த்து ஃபைல் செய்தால் 900 டாலர் விட்டுப்போகும். அதனால் பில்களையும் கல்லூரி கொடுத்த கருவிப் பட்டியலையும் சேர்த்து வையுங்கள். கடை பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுவது நல்லது. வரித்துறையான ஐஆர்எஸ் கேட்டால், இந்தக் கிரைண்டர் வகுப்புக்கு வாங்கியது என்று காட்ட அந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

சரி, லைஃப்டைம் யாருக்கு? அதை நாங்கள் கேட்டுப் பார்த்ததில்லை, விதியை வைத்துத்தான் சொல்கிறேன். ஆப்பர்ச்சூனிட்டியை ஒருவருக்கு நாலு வருஷம்தான் கேட்கலாம், அதுவும் முதல் நாலு வருஷக் கல்லூரிப் படிப்பு முடியும் வரைதான். லைஃப்டைமுக்கு வருஷக் கணக்கு இல்லை, அரைநேர நிபந்தனையும் இல்லை. ஊரில் பட்டம் முடித்து வந்து இங்கே வேலைக்காக ஒரே ஒரு கோர்ஸ் எடுப்பவருக்கு அது பொருந்தும். குடும்பத்துக்கு மொத்தம் 2,000 டாலர்தான் உச்சம்.

இரண்டுக்குமே பள்ளி, மத்திய கல்வித் துறையின் மாணவர் உதவித் திட்டத்தில் சேரும் தகுதி உள்ளதாக இருக்க வேண்டும். தனியார் டிரக் ஓட்டும் பள்ளியிலோ அழகுக்கலைப் பள்ளியிலோ சேர்பவர்கள் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் ஐடிஐஎன் எண்ணில் ஃபைல் செய்யும் எச்4 (எச்1பி வேலை விசாக்காரரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரும் விசா) குடும்பங்கள் கவனிக்க வேண்டியது: 2026 வரி ஆண்டு முதல் இரண்டு கிரெடிட்டுக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம்.